இடது மூக்கு

முத்துராணியை இனிமேல் அப்பளக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்பதை அப்பாத்துரை அண்ணாச்சி நேரில் சொல்லவில்லை. கம்பெனி அவருடையதுதான். ஆனால் பெண்கள் சங்கதியைப் பெண்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிவிடுகிற மனிதர் அவர். மாவு நிறுத்துக் கொடுக்கிற சாலோமியிடம் சொல்லிவிட்டார். சாலோமி அதை இரண்டு நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். அப்புறம் ஒரு காலையில், தராசுத் தட்டில் உளுந்து மாவுக் கட்டியை வைத்தபடி, முத்துராணியின் அம்மா இசக்கித்தாயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இசக்கி, நான் சொல்லுதேன்னு வருத்தப்படாத. ராணிய வீட்டுலயே இருக்கச் சொல்லு. நீ மட்டும் வா."

"ஏன், அவ இடுத அப்பளத்துல என்ன கொற?"

"கொற ஒண்ணுங் கெடையாது. ஒன்னையவிட அவ நல்லா வட்டமா இடுதா. நீ ஏன் தெரியாத மாரி கேக்க?"

இசக்கித்தாய் மாவை வாங்கித் துணியில் சுற்றினாள். கூடத்தில் பலகைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களின் குழவிகள் ஒரு நிமிஷம் நின்று மறுபடி உருண்டன. எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"பக்கத்துல உக்காந்து வேல பாக்க முடியலங்காளுவ. நாங்கூட எப்பிடியும் சமாளிச்சிருவேன். முந்தாநாளு மெட்ராஸ் யாவாரி வந்து நின்னாரு. இங்கன என்ன வாடைன்னு கேட்டுட்டாரு. திங்குத சாமான் பாரு."

"மாவுல பெருங்காயம் கூடிப்போச்சுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"பெருங்காயத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாதா இசக்கி?" என்றாள் சாலோமி. குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் இசக்கித்தாய் நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

ஆனி மாதம். மலைப்பக்கம் கருத்துக் கிடந்தது. கல்லிடைக்குறிச்சித் தெருக்களில் சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. மாவுப் பொட்டலத்தை மார்போடு அணைத்து முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் போயிற்று. நனைந்த மாவு அப்பளத்துக்கு ஆகாது. நனையாத மாவிலும் இந்த மாதத்தில் இட்ட அப்பளம் காய்ந்து எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

முத்துராணி வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. அப்பாவின் உயரம், அம்மாவின் நிறம். பி.காம். படித்தவள். மடியில் ஒரு கைக்குட்டை எப்போதும் இருக்கும். அம்மா வந்த நடையைப் பார்த்தே கேட்டாள்.

"என்னைய வர வேண்டாம்னுட்டாங்களோ?"

"யாரு சொன்னா?"

"ஒரு வாரமாவே எம் பக்கத்துப் பலக காலியாத்தான கெடந்துது."

இசக்கித்தாய் மாவை உள்ளே கொண்டு வைத்தாள். "நீ வீட்டுல இருந்தே இடு. நான் கொண்டு குடுத்துக்கிடுதேன்," என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த வாடையை அறியாத ஒரே ஆள் முத்துராணிதான். மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அது இருப்பதையே தெரிந்துகொண்டாள். பத்தாம் வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளை இடம் மாற்றிக் கேட்டாள். கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் அருகே உட்காருகிறவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள், மழையென்றாலும் திறப்பார்கள். படித்து முடித்ததும் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை கிடைத்தது. இரண்டாம் மாதமே மேலே கிட்டங்கியில் துணி எண்ணும் வேலைக்கு மாற்றினார்கள். நாலாம் மாதம் போதும் என்றார்கள். பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வது, ஆட்களோடு நின்றால் காற்று அடிக்கிற திசை பார்த்து நிற்பது, சிரிப்பு வந்தால் திரும்பிக்கொள்வது இவையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே பழகிவிட்டன.

மூக்கில் சளி ஓயாமல் வடியும். குனிந்து கோலம் போட்டால் கண்ணுக்குக் கீழே கனத்து வலிக்கும். சில நாள் காலையில் வலி நெற்றி வரைக்கும் ஏறித் தலையைத் தூக்க விடாது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. வீரவநல்லூரில் நேசையா வைத்தியர், பீனசம் என்று சொல்லி மூக்கில் விட எண்ணெய் கொடுத்தார். நொச்சித் தழையும் மஞ்சளும் போட்டு இசக்கித்தாய் ஆவி பிடிக்க வைத்தாள். போர்வைக்குள் பிள்ளை மூச்சுமுட்டி அழும். அம்பாசமுத்திரத்தில் சாயங்காலம் மட்டும் வருகிற ஒரு டாக்டர் சைனஸ் என்றார். அவர் கொடுக்கிற மாத்திரையைச் சாப்பிட்டால் பத்து நாள் வாடை அடங்கியிருக்கும். பிறகு திரும்பிவிடும். திரும்பப் போனால் அதே மாத்திரை, கூட ஒரு ஊசி. போகும்போதெல்லாம் அவர் ஒரு புத்தி சொல்வார்: தயிர் ஆகாது, தலைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது, ஆற்றில் முங்கக் கூடாது, வாழைப்பழம் தொடவே கூடாது. முத்துராணியின் அப்பா பலவேசம் வாழைத்தார் சுமக்கிற ஆள். தோட்டத்தில் தார் வெட்டி, தலையில் தூக்கி லாரியில் ஏற்றுவது அவர் வேலை. உதிர்ந்த பழங்களைத் துண்டில் கட்டிக் கொண்டுவருவார். முத்துராணி எட்டு வருஷமாக அதைத் தொடவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தின்றன.

"பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரில மூக்குக்குன்னே டாக்டர் இருக்காங்களாம். அங்கன ஒரு நட கூட்டிட்டுப் போயேன்," என்று சாலோமியே முன்பு சொன்னதுண்டு. இசக்கித்தாய் கேட்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு எந்த நாள் போனாலும் ஊர் ஆள் பத்துப் பேர் கண்ணில் படுவார்கள். கல்யாண வயசுப் பெண்ணை மூக்கு வார்டு வரிசையில் ஒருத்தி பார்த்தால் போதும், கதை சேரன்மகாதேவி தாண்டிப் போய்விடும். கல்யாணம் முடிந்து போகட்டும், பிறகு கட்டினவன் காட்டிக்கொள்வான் என்பது அவள் எண்ணம். அதைக் கெட்ட எண்ணம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

கல்யாணம் கூடித்தான் வந்தது. சேரன்மகாதேவியில் டிராக்டர் பழுது பார்க்கிற பெருமாள்ராஜ். நல்ல பையன், குடி கிடையாது. சித்திரையில் பார்க்க வந்தார்கள். நாள் குறித்ததுமே இசக்கித்தாய் அம்பாசமுத்திரத்துக்கு ஓடி மாத்திரை வாங்கிவந்தாள். அன்றைக்கு முத்துராணி தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். வீட்டில் சாம்பிராணி போட்டிருந்தார்கள். எல்லாம் சரியாக நடந்தது. வைகாசியில் பூ வைத்து உறுதி செய்யவும் இன்னொரு தடவை மாத்திரை.

பூ வைத்த பதினைந்து நாளில் பெருமாள்ராஜின் தங்கை வந்து, மணிமுத்தாறு அணைக்குப் போய்வரலாம் என்று அழைத்தாள். தங்கை அவள் புருஷனோடு ஒரு பைக்கில், முத்துராணி இவன் பைக்கில். மாத்திரையின் வேலை முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என்ன காரணம் சொல்வது? இசக்கித்தாய் அனுப்பி வைத்தாள்.

மூன்றாம் நாள் பெருமாள்ராஜின் அம்மா தனியாக வந்தாள். கையில் பூ வைத்த அன்றைக்குக் கொடுத்த சேலை இருந்தது. காப்பி வேண்டாம் என்றாள். உட்காரவும் இல்லை.

"எம்மா, நானும் ஒரு பொட்டப்புள்ளயப் பெத்தவ. வெளிய ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். சாதகம் ஒத்து வரலன்னு நீங்களே சொல்லிருங்க."

"என்ன மதினி இது, பூ வச்ச பொறவு..."

"எம் மவன் ரெண்டு நாளாச் சோறு திங்கல. ஏம்லேன்னு கேட்டா அழுதான். 'அந்தப் புள்ள தங்கமான புள்ளம்மா, ஆனா என்னால முடியாதும்மா'ன்னு அழுதான். நான் அவன என்ன சொல்ல?"

"சைனஸ்தான் மதினி. ஒலகத்துல யாருக்குத்தான் இல்ல?"

"அத மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு பேருமாச் சேந்து வைத்தியம் பாத்திருப்போம். தெரிஞ்சே மறச்சிட்டீங்க. அதத்தான் என்னால தாங்க முடியல." சேலையை அரிசிப் பானை மேல் வைத்துவிட்டுப் போனாள். முத்துராணி அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே சொல்ல மாட்டேன் என்ற சொல் ஆனி பிறப்பதற்குள் கல்லிடைக்குறிச்சிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அப்பளக் கூடத்தில் பக்கத்துப் பலகை காலியானது அதற்குப் பிறகுதான். அதுவரை வாடை என்று மட்டும் இருந்தது, இப்போது வியாதி ஆகிவிட்டது.

சாலோமி சொன்ன அன்று சாயங்காலம் பலவேசம் வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். வாழைக்கறை ஏறிக் கருத்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். முத்துராணி தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள், அவள் எப்போதும் உட்காருகிற தூரத்தில்.

"யப்பா, நாளைக்கிப் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்."

இசக்கித்தாய் திரும்பினாள். "யாரக் கேட்டுட்டு? அங்கன நம்ம ஊரு ஆளுக..."

"பாத்தா என்னம்மா? இனி என்ன இருக்கு மறைக்கதுக்கு? கல்யாணம் போச்சு, ஜவுளிக்கட போச்சு, இன்னைக்கி அப்பளமும் போச்சு. எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."

பலவேசம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "போயிட்டு வாங்க. நான் அப்பமே நெனச்சேன், பெரிய டாக்டர்ட்ட காட்டிரணும்னு."

"எப்ப சொன்னிய?" என்றாள் இசக்கித்தாய்.

"மனசுக்குள்ள நெனச்சேன்னுதான சொல்லுதேன்."

"மனசுக்குள்ள! எட்டு வருசமா நான் கூட்டிட்டு அலையுதேன். இவுக மனசுக்குள்ள நெனச்சாகளாம்."

மறுநாள் முதல் பஸ்ஸில் தாயும் மகளும் போனார்கள். இசக்கித்தாய் பயந்ததுபோலவே ஆஸ்பத்திரி வாசலில் மேலத்தெருக்காரி ஒருத்தி நின்றாள். "என்ன இசக்கி, யாருக்கு?" என்றாள். "எனக்குத்தான்" என்று முத்துராணி முன்னால் வந்து சொன்னாள். கையால் வாயை மறைக்காமல் சொன்னாள். மேலத்தெருக்காரி ஒரு எட்டு பின்னால் போனாள்.

வரிசை வெயில் ஏறும் வரைக்கும் நகர்ந்தது. டாக்டர் பெயர் கரோலின். முப்பது வயதுக்குள் இருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. முத்துராணியை முன்னால் இருந்த ஸ்டூலில் உட்காரச் சொல்லி, முழங்கால் இடிக்கிற அளவுக்குத் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பவில்லை. இசக்கித்தாய் அதைக் கவனித்தாள்.

"எவ்வளவு காலமா இருக்கு?"

"சின்னப் புள்ளயிலேயே சளிதான் டாக்டர். இந்த வாடை பத்தாப்பு படிக்கையிலேருந்து."

"ரெண்டு மூக்குலயும் வடியுதா, ஒரு பக்கமா?"

முத்துராணி அம்மாவைப் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. இசக்கித்தாய்க்குச் சட்டென்று தலையணை உறைகள் கண்ணில் வந்தன. வாரம் இரண்டு உறை ஊறவைத்துக் கல்லில் கசக்குகிறவள் அவள். மஞ்சளும் பச்சையுமாக அந்தக் கறை எந்தப் பக்கம் என்று அவள் கைக்குத் தெரியும்.

"இடது பக்கந்தான் டாக்டர். எப்பமும் இடதுதான்."

"இத முன்னால பாத்த டாக்டர்ட்ட சொன்னீங்களா?"

"கேக்கலியே."

"மூக்குக்குள்ள லைட்டு அடிச்சுப் பாத்தாரா?"

"நாக்க நீட்டச் சொல்லிப் பாப்பாரு. பொறவு எழுதிக் குடுப்பாரு."

கரோலின் மரத்துப்போகும் மருந்தில் பஞ்சை நனைத்து மூக்கில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள மெல்லிய குழாயை உள்ளே விட்டாள். பக்கத்துத் திரையில் சிவப்பாக ஈரமாக ஒரு குகை தெரிந்தது. சீழைக் குழாயால் உறிஞ்சி எடுத்ததும் குகையின் நடுவில் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. பழைய கிணற்றுக்குள் பிடித்த உப்பு மாதிரி இருந்தது.

டாக்டர் ஒரு கம்பியால் அதைத் தட்டினாள். "டிக்" என்றது. முத்துராணியின் உடம்பு உதறியது.

"தலைக்குள்ள சத்தம் கேக்குது டாக்டர்."

"கேக்கும். கல்லு அது."

"மூக்குக்குள்ள கல்லா?" இசக்கித்தாய் நெஞ்சில் கை வைத்தாள். "அப்ப சைனஸ் இல்லியா?"

"சைனஸ்லயும் சீழ் கட்டியிருக்கும்மா. ஆனா அது பொறவு வந்தது. கன்னத்து எலும்புக்குள்ள இருக்குத அந்த அறைக்கு வாசலு மூக்குக்குள்ளதான் இருக்கு. வாசல்ல பாறையப் போட்டு அடச்சிட்டா உள்ள இருக்கதெல்லாம் அழுகத்தான செய்யும். மாத்திர சாப்பிட்டா கொஞ்சம் அடங்கும். பாற அங்கனதான இருக்கு, திரும்பவும் வரும்." கையுறையைக் கழற்றினாள். "இந்த மாரி கல்லு சும்மா வராது. நடுவுல ஏதாவது ஒரு சாமான் இருக்கும். அது மேல உடம்புல இருக்க சுண்ணாம்பு கொஞ்சங் கொஞ்சமா ஏறிக்கிட்டே இருக்கும். சின்னப் புள்ளயில மூக்குல எதையாவது போட்டுக்கிட்டாளா?"

"இல்லவே இல்ல டாக்டர்," என்றாள் இசக்கித்தாய் உடனே. "நான் அப்பிடியெல்லாம் புள்ளய விட்டதே கெடையாது."

முத்துராணி திரையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் ஒரு பக்கம் கன்னம் கருப்பாகவும் மறுபக்கம் முழுக்க வெள்ளையாகவும் இருந்தது. வெள்ளை முழுதும் சீழ் என்றாள் டாக்டர். அடுத்த வாரம் சேர்த்துக்கொண்டு, மயக்கம் கொடுத்து, கல்லை உள்ளேயே உடைத்துத் துண்டு துண்டாக எடுத்தார்கள். அறையின் வாசலை அகலப்படுத்திக் கழுவிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எட்டு வருஷத்து வியாதி ஒரு காலைப் பொழுதைக்கூட முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கரோலின் வெளியே வந்து இசக்கித்தாயையும் பலவேசத்தையும் அழைத்தாள். மருந்துப் புட்டியின் சின்ன மூடியில் ரத்தம் தோய்ந்த சாம்பல் துண்டுகள் கிடந்தன. அவற்றின் நடுவே, கழுவித் துடைத்து வைத்த ஒரு நீலப் பாசிமணி. நூல் கோக்கிற துளைகூட அப்படியே இருந்தது. நிறம் மங்கவில்லை.

"நடுவுல இருந்தது இதுதான்," என்றாள் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை, தினமும் பார்க்கிறதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இசக்கித்தாய் அந்தப் பாசியை அறிவாள். இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வளையல்காரனிடம் அவளே பேரம் பேசி வாங்கிய மாலை. பிள்ளை அப்போது ஒன்றாம் வகுப்பு போய்க்கொண்டிருந்தது. மாலை அறுந்து பாசிகள் வீடெங்கும் உருண்டதும், பல மாதம் வரை பெருக்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு வந்துகொண்டே இருந்ததும் ஞாபகம் இருந்தது.

முத்துராணிக்கு மயக்கம் தெளிந்தபோது மூக்கில் பஞ்சு அடைத்திருந்தது. வாயால் மூச்சு விட்டாள். பலவேசம் உள்ளங்கையில் பாசியை வைத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"எம் பாசி," என்றாள். பிறகு அம்மா பக்கம் கண்ணைத் திருப்பினாள். "நான் அன்னைக்கே சொன்னேன்லாம்மா."

"என்னத்தச் சொன்ன?"

"மூக்குக்குள்ள போயிட்டுன்னு. நானும் மறந்துதான் போயிட்டேன். அங்கன டிவியில பாத்தப்பதான் ஞாபகம் வந்துது."

நர்ஸ் வந்து பேசக் கூடாது என்று அதட்டினாள். முத்துராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

வராந்தாவில் இசக்கித்தாய் புருஷனிடம் சொன்னாள். "அவ சொல்லவே இல்ல. சத்தியமாச் சொல்லல. சொல்லியிருந்தா நான் விட்டிருப்பனா? அப்பமே தூக்கிட்டு ஓடியிருப்பேன்லா?"

"சொல்லியிருப்பா. சின்னப் புள்ள நாளுபூரா என்னத்தையாவது சொல்லிக்கிட்டேதான இருக்கும்."

"அப்ப நீங்க எங்கன போனிய? எங்கிட்டதான் சொல்லணுமா, ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதா?"

பலவேசம் பீடியை எடுத்தார். ஆஸ்பத்திரி என்று ஞாபகம் வந்து திரும்பப் பைக்குள் போட்டார்.

ஆடிக்குள் ஆறிவிட்டது. தினமும் காலையில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கால் வடியவிடச் சொல்லியிருந்தார்கள். முதலில் ரத்தம் கலந்து வந்தது, பிறகு வெறும் தண்ணீராக வந்தது. தலையணை உறை வெளுத்தே இருந்தது. கண்ணுக்குக் கீழே கனம் இல்லை. தயிரும் வாழைப்பழமும் தின்னலாமா என்று இசக்கித்தாய் கேட்டதற்கு, "திங்காதேன்னு யாரு சொன்னா?" என்று டாக்டர் திருப்பிக் கேட்டாள். பலவேசம் ஒரு சீப்பு நாட்டுப்பழம் கொண்டுவந்து மகளின் முன்னால் வைத்தார். அவள் ஒன்றை உரித்துப் பாதி தின்றாள். ஆசைப்பட்ட காலம் தாண்டிவிட்டது போலிருந்தது.

ஒருநாள் வீட்டை ஒதுங்கவைக்கும்போது பரண் மூலையில் அவளுடைய பழைய தலையணை அகப்பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் இசக்கித்தாய் தூக்கிப் போட்டது. முத்துராணி அதை இறக்கி, தூசி தட்டப் போனவள், அப்படியே நின்றாள். பைய அதை மூக்கருகே கொண்டுபோனாள். வெளியே வேலையாக இருந்த இசக்கித்தாய்க்கு ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. ஓடி வந்தாள்.

"இதுவாம்மா?"

இசக்கித்தாய் தலையணையைப் பிடுங்கினாள். முத்துராணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இதத்தான் எல்லாரும் மோந்தாங்களா? சுண்டெலி செத்துக் கெடந்த மாரில்லா இருக்கு. பஸ்ல, காலேஜ்ல... அந்த மனுசன் எனக்காவ மணிமுத்தாறு வரைக்கும் பைக்க ஓட்டிட்டுப் போயிட்டு வந்தாரே. ஒரு வார்த்த சொல்லலியேம்மா. நான் பாட்டுக்கு அவரு தோளுகிட்ட குனிஞ்சு குனிஞ்சு பேசிட்டே போனேனே."

"விடுட்டி. அதான் போயிட்டுல்லா."

"நீ எப்பிடிம்மா எம் பக்கத்துல படுத்த?"

இசக்கித்தாய் தலையணையைக் கொல்லையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். பஞ்சு வெகுநேரம் புகைந்துகொண்டிருந்தது.

அந்த வாரத்திலேயே சாலோமி வந்தாள். அப்பாத்துரை அண்ணாச்சியே சொல்லி அனுப்பினாராம். "ராணி எப்ப வேணும்னாலும் வரலாம்னுட்டாரு. அவ பலகைய யாருக்கும் குடுக்கல." பிறகு குரலைத் தாழ்த்தி, "பெருமாள்ராஜுக்கு ஆவணியில கல்யாணமாம். அம்பாசமுத்திரத்துப் பொண்ணு. கொஞ்சம் பொறுத்திருக்கலாம் அவங்க," என்றாள்.

முத்துராணி உள்ளேயிருந்து வந்தாள். "அவங்க ஏன் பொறுக்கணும்க்கா? நாங்கதான் சொல்லவே இல்லியே." சாலோமி காப்பியைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனாள்.

ஓசூரில் செல்போன் கம்பெனி ஒன்றில் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள், தங்க விடுதியும் உண்டு என்று கல்லூரித் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். முத்துராணி யாரையும் கேட்காமல் போனிலேயே பேசி முடித்துவிட்டாள்.

"இப்பதானட்டி நல்லா ஆயிருக்க? இங்கன இருந்தாலும் இனி நாலு பேரு கேட்டு வருவாங்க," என்றாள் இசக்கித்தாய்.

"இங்கன இருக்கவங்க எல்லாரும் என்னைய மோந்து பாத்தவங்கம்மா. இப்ப நல்லாயிட்டுன்னு சொன்னாலும் பக்கத்துல வந்து ஒருக்க மூச்ச இழுத்துப் பாக்கத்தான் செய்வாங்க. சாலோமியக்கா அன்னைக்கி என்ன செஞ்சான்னு நீ பாக்கலியா?"

இசக்கித்தாய் பார்த்திருந்தாள்.

புறப்படுகிற அன்று பலவேசம் விடியவே தோட்டத்துக்குப் போய்விட்டார். போகுமுன் மகளின் தலையில் கை வைத்து, "பாத்துப் போத்தா," என்று மட்டும் சொன்னார். மத்தியான பஸ்ஸுக்குத் தாயும் மகளும் ரோட்டுக்கு வந்து நின்றார்கள். ஒரு பையை மகளும் இன்னொன்றைத் தாயும் வைத்திருந்தார்கள். சாலையோரத்தில் மீன்காரி கூடையை இறக்கி வைத்து விலை கூவிக்கொண்டிருந்தாள். இசக்கித்தாய் ஒரு மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததை அங்கே வைத்துக் கேட்டாள். இதை விட்டால் பிறகு எப்போது?

"ராணி, அன்னைக்கி நான் என்ன செஞ்சிட்டு இருந்தேன்?"

என்றைக்கு என்று மகள் கேட்கவில்லை.

"அப்பளம் காயப் போட்டிருந்த. மழ வந்துட்டு. வாசல்ல நின்னு அள்ளிக்கிட்டிருந்த. நான் வந்து ஒன் சேலையப் புடிச்சு இழுத்தேன். பாசி மூக்குக்குள்ள போயிட்டும்மான்னேன். சிந்திப் போடுட்டின்ன."

"பொறவு?"

"சிந்துனேன். வரல. திரும்பவும் வந்து சொன்னேன்."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணுஞ் சொல்லல."

இசக்கித்தாய் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "அடிச்சனா?"

"சே, இல்லம்மா. அடிக்கல்லாம் இல்ல." முத்துராணி பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ திரும்பவே இல்ல."

பஸ் வந்தது. கூட்டம். முத்துராணி பையை வாங்கிக்கொண்டு ஏறினாள். நடுவில் ஒரு இருக்கையில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் திரும்பி அவளிடம் ஏதோ கேட்டாள். முத்துராணி கையை வாயருகே கொண்டுபோய், நடுவிலேயே நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். பஸ் நகர்ந்தபோது அவள் அம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

இசக்கித்தாய் வாய்க்கால் கரை வழியாக வீட்டுக்கு நடந்தாள். அடித்திருந்தால் கைக்காவது ஞாபகம் இருந்திருக்கும் என்று நினைத்தாள். நின்று நின்று யோசித்தாள். மழை நாட்கள் ஒவ்வொன்றாக வந்தன. கோடை மழையில் இரண்டு வேட்டி விரித்துக் காயப்போட்ட அப்பளம் நனைந்து கூழாகி, அண்ணாச்சி தெருவில் நின்று சத்தம் போட்ட நாள். ஐப்பசியில் பலவேசம் வரப்பில் வழுக்கித் தாரோடு விழுந்த நாள். ஆலங்கட்டி விழுந்த நாள். எல்லா மழையிலும் அவள் புடைக்கிற சொளகைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடினாள், குனிந்து அள்ளினாள், வேட்டியைச் சுருட்டினாள். எந்த மழையில் எத்தனை அப்பளம் போயிற்று என்பதுகூட ஞாபகம் இருந்தது. சேலையைப் பிடித்து இழுத்த பிள்ளை ஒன்றிலும் இல்லை.